கழுதையைச் செய்தது ஒல்லாந்தர் அல்ல

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்படிப்பட்டவன் என்னென்ன செய்தேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். தார் பீப்பா ஒன்றை நெடுக்காகப் பிளந்து காற்றாடி செய்து எங்கள் கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றினேன். சைக்கிள் டைனமோவில் வானொலியைப் பாட வைத்தேன். அதை அந்தக் காலத்தில் வடக்கு முழுவதும் செய்தார்கள்தான், ஆனால் மற்றவர்களுடையது கரகரத்தது, என்னுடையது பாடியது. மழை இருட்டினால் ஒரே கயிற்றை இழுத்ததும் கருவாட்டுப் பரண் முழுவதையும் கூரை வந்து மூடும்படி செய்தேன். மடு மாதா திருவிழாவுக்குப் போகும் மாட்டு வண்டிலுக்குப் பழைய மோட்டார் வானின் ஸ்பிரிங் பூட்டினேன். பிள்ளைத்தாய்ச்சிகள் என் வண்டிலில்தான் ஏறுவோம் என்று நின்றார்கள். இவ்வளவையும் செய்தபோது கரண்ட் இல்லை, வெல்டிங் இல்லை, சீமெந்து இல்லை. ஒரு ஸ்பானர் வேண்டுமென்றால் மூன்று ஊர் நடக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, கழுதையைச் செய்தேன்.

மன்னாருக்கு வெளியில் இருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். எங்கள் நகரத்துத் தெருக்களில் உயிருள்ள கழுதைகள் நிறைய நிற்கும், பஸ் வந்தாலும் விலகாது. நான் சொல்வது இரும்புக் கழுதை. கரையில் நின்றபடி படகை மணலுக்கு மேலே இழுத்து ஏற்றும் இயந்திரம். கைபிடியைச் சுற்றினால் உள்ளே பற்சக்கரம் சுழலும், வெளியே உருளையில் கயிறு சுற்றும், கயிற்றின் மறுமுனையில் படகு வரும். பன்னிரண்டு பேர் இழுக்கும் படகை அது இரண்டு பேரின் கையால் இழுத்தது. அந்தச் சண்டைக் காலத்தில் எங்கள் கரையில் பன்னிரண்டு ஆம்பிளைகள் இல்லை. சிலர் கடல் கடந்து இந்தியாவுக்குப் போய்விட்டார்கள், சிலர் எங்கே போனார்கள் என்று கேட்கக்கூடாத காலம். சோளகக் காற்று எழும்பினால் தண்ணீரில் கிடந்த படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு புத்தகமும் ஒரு பலகையும்.

புத்தகம் முதலில் வந்தது. கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்து, வெயிலில் திரியக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆசிரியையாக இருக்கும் என் மகள், அப்பா சும்மா இருந்தால் வீட்டில் எதையாவது கழற்றுவார் என்ற பயத்தில், உலகத்துப் பெரிய கண்டுபிடிப்பாளர்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைப் பள்ளிக்கூடத்து அலுமாரியிலிருந்து கொண்டுவந்து தந்தாள். ஏன் இப்போது தருகிறாள் என்று முதலில் சந்தேகப்பட்டேன். பிறகு விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு தேத்தண்ணி முடிந்தது.

பெயர்கள் என் வாயில் நுழையவில்லை, அதனால் செய்த வேலையை வைத்தே அவர்களை அழைக்கிறேன். மின்குமிழ்க்காரர் அந்தப் புத்தகத்தில் பெரிய ஆள். ஆனால் அவருடைய படத்தை உற்றுப் பாருங்கள், பின்னால் வேலைத்தலத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய கையும் சுடவில்லையா? ஒருவரும் யோசனை சொல்லவில்லையா? மரத்திலிருந்து பழம் விழுந்ததைப் பார்த்தவர் தொலைநோக்கியும் செய்தவராம். கையால் செய்ததை விட்டுவிட்டு, விழுந்ததைப் பார்த்த கதையைத்தான் உலகம் சொல்கிறது, அதுவும் எனக்குச் சந்தேகம். நீராவிக்காரரில் எனக்கு மதிப்பு உண்டு. அவர் பழுதுபார்க்க வந்த இயந்திரத்தில்தான் பிழையைக் கண்டுபிடித்தார், அதாவது என்னைப்போல ஒரு திருத்துவேலைக்காரர். ஆனால் பழுதான அந்த முதல் இயந்திரத்தைச் செய்தவனைப் பற்றி இரண்டு வரிதான். பறந்த சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். அவர்களை நான் என் பக்கத்தில் கதிரை போட்டு இருத்துவேன்.

என்னை நித்திரை கொள்ள விடாதவர் தொலைபேசிக்காரர். அவர் தன் கண்டுபிடிப்பைப் பதிய ஆள் அனுப்பிய அதே நாளில் இன்னொருவரும் அதே சாமானைப் பதிய வந்தாராம். யாருடைய கடுதாசி பதிவுக் கந்தோருக்கு முதலில் போனது என்று இன்றைக்கும் வாக்குவாதம் முடியவில்லையாம். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். அப்படியானால் உலகத்தில் பெரிய ஆள் என்பவர் மூளை உள்ளவர் அல்ல, கந்தோருக்கு முதலில் போனவர். இதை மகளிடம் சொன்னபோது, "அப்பா, நீங்கள் ஆரையும் நம்ப மாட்டீங்கள்," என்றாள். நம்பினவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

அந்தக் கிழமைதான் அழைப்பிதழ் வந்தது. கழுதை நிற்கும் இடத்தில் தகரக் கூரை போட்டு, கடற்றொழில் காட்சியிடமாக ஆக்கியிருக்கிறார்களாம். இப்போது படகுகளை உழவு இயந்திரம் இழுக்கிறது, கழுதைக்கு வேலை இல்லை, வெளியூர்க்காரர் வந்து பார்க்கட்டும் என்று யோசனை. அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிய பங்குச் சுவாமி வந்து ஆசீர்வதித்துத் திறந்து வைப்பார், எனக்கு முன்வரிசையில் இடம். எனக்கு முன்வரிசை தருகிறார்கள் என்றால் என் வாயை மூடத்தான் தருகிறார்கள் என்று பட்டது. திறப்புக்கு முதலே மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

கழுதைக்குப் பக்கத்தில் வழவழப்பான பலகை. மூன்று மொழி. தமிழில் இப்படி இருந்தது: கையால் சுற்றும் படகு இழுவை, ஒல்லாந்தர் காலம், பாரம்பரியத் தொழில்நுட்பம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தேன். அப்படியேதான் இருந்தது. ஒல்லாந்தர் காலம் என்பது எங்கள் தீவின் வியாதி. ஒரு காலத்தில் எங்களை ஆண்ட அந்த டச்சுக்காரர் இருந்த இடம் கோட்டை, சரி. ஆனால் எங்கள் ஆட்கள் ஆழமான கிணற்றைக் கண்டாலும் ஒல்லாந்தர் காலம், வளைந்த சுவரைக் கண்டாலும் ஒல்லாந்தர் காலம், செய்தவனைத் தெரியாத எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் எழுதிவிடுவார்கள். பாரம்பரியம் என்ற சொல் அதைவிட மோசம். எல்லோருடையதும் என்றால் ஒருவனுடையதும் இல்லை என்று அர்த்தம்.

காட்சியிடத்துக்குப் பொறுப்பாக ஒரு பெண்பிள்ளை இருந்தா, பல்கலைக்கழகம் படித்தவ. நல்ல சிரிப்பு. சிரிப்பையும் நான் உடனே நம்புவதில்லை.

"பிள்ளை, இதை ஆர் எழுதினது?"

"ஆய்வு செய்துதான் எழுதியிருக்கிறம் ஐயா. ஏன், எழுத்துப்பிழை ஏதும் இருக்கோ?"

"எழுத்தில பிழை இல்லை. ஆளில பிழை. இதைச் செய்த ஒல்லாந்தன் உமக்கு முன்னாலதான் நிக்கிறன்."

அவ பகிடி என்று நினைத்துச் சிரித்தா. மனைவி என் சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து, "மெல்லக் கதையுங்கோ, சனம் பாக்குது," என்றாள். பார்க்கட்டும் என்றுதான் நான் கதைத்தேன்.

நான் பகிடி விடவில்லை என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளை தாள்கள் கட்டிய கோவை ஒன்றைக் கொண்டுவந்தா. படித்த ஒருவர் கொழும்பிலிருந்து வந்து கழுதை நிற்கும் பீடத்தைத் தட்டிப் பார்த்து, முருகைக்கல்லும் சுண்ணாம்பும் பழைய கோட்டை வேலை போலவே இருக்கிறது என்று எழுதியிருந்தார். அதை வாசித்தபோது எனக்குக் கோபமும் வந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் குளிரவும் செய்தது. சீமெந்து கிடைக்காத காலத்தில் கோட்டை மதிலில் உதிர்ந்து கிடந்த கட்டியை உடைத்துப் பார்த்து, கருப்பட்டித் தண்ணியில் சுண்ணாம்பைக் குழைத்து, நான் கட்டிய பீடம் அது. ஐந்தாம் வகுப்புக்காரன் கட்டியதைப் பார்த்துப் படித்த மனிதர் நூற்றாண்டுக் கணக்கில் ஏமாந்திருக்கிறார்.

"அவர் சொன்னது மட்டுமில்லை ஐயா," என்று பிள்ளை அடுத்த தாளைக் காட்டினா. "கடற்றொழிலாளர் சங்கத்தின்ர பழைய கொப்பியிலயும் இருக்கு."

எங்கள் கரையில் இருந்த இரும்புச் சாமான்களின் பட்டியல் அது. சண்டைக் காலத்தில் இராணுவக் காவல்நிலைக்குக் கொடுப்பதற்காகச் சங்கம் எழுதியது. ஏழாவது வரி: ஒல்லாந்தர் காலத்துப் பழைய இழுவை ஒன்று. எழுத்தை உடனே பிடித்துவிட்டேன். அந்த நாளில் சங்கச் செயலாளராக இருந்த என் மச்சானின் எழுத்து, என் மனைவியின் தம்பி. அவருக்கு என் கைவேலையில் எப்போதும் ஒரு எரிச்சல் என்று எனக்குத் தெரியும். அப்போதே திட்டம் போட்டு எழுதியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

அங்கிருந்து நேரே கீரி என்ற ஊருக்குப் போனோம். மச்சான் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் தீவில் கதை சைக்கிளை முந்தும்.

"வாங்கோ அத்தான். என்ன, கழுதை உதைச்சுப்போட்டுதோ?"

"அந்தக் கொப்பியில நீ என்ன எழுதினனீ?"

"நீங்கள் சொன்னதை எழுதினனான்."

"நான் எப்ப சொன்னனான்?"

"அக்கா, இவருக்குக் கண்ணில செய்தவையோ, மண்டையில செய்தவையோ?" என்று தமக்கையிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "சிப்பாய் வந்து நிக்கேக்க ஆர் சிங்களத்தில கதைச்சது? எனக்கு அண்டைக்கும் சிங்களம் தெரியாது, இண்டைக்கும் தெரியாது. நீங்கள் வாய் திறந்தீங்கள், நான் பேனையைத் திறந்தன். கழுதை எண்டு பேர் வைச்சதும் நான். அதுக்காவது நான் பேர் கேட்டனானோ?"

பெயர் வைத்தது நான்தான். அதை அங்கேயே சொல்லிவிட்டேன். ஆனால் மற்றதை அவர் சொல்லச் சொல்ல அந்தக் காலை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

கழுதையின் வயிற்றுக்குள் இருப்பது லொறியின் பின் அச்சு. முள்ளிக்குளம் பக்கம் பற்றைக்குள் துருப்பிடித்துக் கிடந்ததை விறகுக்குக் கீழே மறைத்து வண்டிலில் கொண்டுவந்தேன். வாகனத்து இரும்பு வைத்திருப்பவனிடம் ஆயிரம் கேள்வி கேட்கும் காலம். அதனால் அதைச் சுற்றிக் கல்லாலும் சுண்ணாம்பாலும் மூடினேன், வெளியில் தெரியும் இரும்புக்குச் சுறா எண்ணெய் பூசினேன். இரண்டாம் சோளகப் பருவம் முடிவதற்குள் அது நூறு வயதுக் கிழம் மாதிரிக் கறுத்துவிட்டது. ஒரு நாள் காலை, சாமான் பட்டியல் எடுக்க மச்சானோடு ஒரு சிப்பாய் வந்தான். துவக்கின் முனையால் கழுதையைத் தட்டி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். எனக்கு நீர்கொழும்புப் பக்கம் தொழிலுக்குப் போன பழக்கத்தில் கொஞ்சம் சிங்களம் வரும். நான் செய்தது என்று சொன்னால் எதை வைத்துச் செய்தாய் என்பது அடுத்த கேள்வி. "லந்தேசி, பரண," என்றேன். ஒல்லாந்தருடையது, பழசு. அவன் சிரித்துவிட்டுப் போனான். மச்சான் எழுதினார். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் மூச்சு விட்டோம், படகுகள் தப்பின.

ஆக, எனக்கு எதிராகக் கந்தோருக்கு முதலில் போனது வேறு ஒருவன் அல்ல. என் சொந்த வாயிலிருந்து வந்த பொய்.

மச்சான் வலையைக் கீழே வைத்தார். "விடுங்கோ அத்தான். ஒல்லாந்தன் கொண்டுபோகட்டும். அவன் பென்சனுக்கு வரப்போறதில்லை."

"அவனிட்ட லொறி இருந்ததோ?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய்த் தன் ஸ்பானர்களை எடுத்துக்கொண்டு வந்தார். இதை நான் எழுதத்தான் வேண்டும்: அவரைப் பற்றி நான் சந்தேகப்பட்டது பிழை.

அடுத்த நாள் காலை மூவரும் கழுதைக்கு முன்னால் நின்றோம், பொறுப்பான பிள்ளையும் வந்தா. அதன் பக்கவாட்டு இரும்பு மூடியின் திருகாணிகள் உப்பில் இறுகியிருந்தன. சிரட்டைத் தணலை வைத்துச் சூடாக்கி ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கல்லை இடிக்கப் போகிறோமோ என்று அந்தப் பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு நின்றா. மூடி விழுந்தது. நான் உள்ளே கையை விட்டுக் கறுத்த கிறீசை வழித்து எறிந்தேன். பெரிய பற்சக்கரம் தெரிந்தது, ஒரு பல்லும் தேயவில்லை. அதன் விளிம்பில் தொழிற்சாலை அச்சடித்த இலக்கமும், பக்கத்தில் ஆங்கில எழுத்துகளும்.

"பிள்ளை, நீர் படிச்சனீர். ஒல்லாந்தர் லொறி ஓடினவையோ எண்டு சொல்லும்."

அவ குனிந்து பார்த்தா, விரலால் இலக்கத்தைத் தடவினா. பிறகு மணலில் அப்படியே இருந்துவிட்டா. இருந்தபடியே சிரித்தா, இந்தச் சிரிப்பில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

"பலகையை மாத்துறன் ஐயா. உள்ளூர் மீனவர்களின் கண்டுபிடிப்பு எண்டு போடுவம்."

"உள்ளூர் மீனவர் எண்டால் ஆர்?"

"பொதுவாகச் சொல்லுறது ஐயா."

"மின்குமிழை உள்ளூர்த் தொழிலாளர் செய்தவை எண்டு எந்தப் புத்தகத்திலயாவது கிடக்கோ?"

அவ எழும்பி மணலைத் தட்டினா. யோசித்துத்தான் சொன்னா, அது நியாயமாகவும் இருந்தது. பெயர் போட வேண்டுமென்றால் எழுத்தில் ஒன்று வேண்டுமாம். கொப்பியில் இருப்பது பொய், அந்தப் பொய்யைச் சொன்னது நான், உண்மை இது என்று நானே எழுதிக் கையெழுத்து வைத்துத் தர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் தந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குப் புதுப் பலகை வந்துவிடும்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் கடுதாசியில் கையெழுத்து வைப்பவன் அல்ல. எங்கள் காலத்தில் கடுதாசியில் பெயர் ஏறினவர்களை அந்தக் கடுதாசியை வைத்தே தேடினார்கள். அதனால்தான் நான் செய்த எந்தச் சாமானிலும் ஆணியால்கூட என் பெயரைக் கீறவில்லை. அந்தப் புத்தகத்துப் பெரியவர்களுக்கு இந்தக் கஷ்டம் இருக்கவில்லை. அவர்கள் பெயரை எழுதக் கந்தோருக்கு ஓடினார்கள், நான் பெயரை மறைக்க ஒல்லாந்தனிடம் ஓடினேன். எங்களை ஒரே தராசில் வைத்து நிறுப்பதென்றால் இதையும் சேர்த்து நிறுக்க வேண்டும்.

பின்னேரம் விறாந்தையில் இருந்து எழுதத் தொடங்கினேன். மனைவி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே கண்ணால் என் கடுதாசியை மேய்ந்தாள். எனக்குச் சந்தேகம் வந்தது.

"என்ன பாக்கிறாய்?"

"ஒண்டுமில்லை. அந்தத் தடிச்ச புத்தகத்தில பொம்பிளையள் இல்லையோ?"

"ஒருத்தி இருக்கிறா. ஒரு கல்லை அரைச்சுக் காய்ச்சி இருட்டில ஒளி விடுற சாமான் எடுத்தவ. புருஷனோட சேர்ந்து."

"புருஷன்ர பேரை மட்டும் போடப் பாத்தவையோ?"

"பாத்தவையாம். அந்தாள் விடேல்லையாம்."

"நல்ல மனுசன்," என்று சொல்லிவிட்டு அரிசியைப் புடைத்தாள். கொஞ்சம் பொறுத்து, "கழுதையில நாக்கு ஒண்டு இருக்கெல்லே," என்றாள்.

இருக்கிறது. உருளையின் பல்லில் விழுந்து அதைப் பின்னுக்குச் சுழல விடாமல் பிடிக்கும் இரும்புத் துண்டு. முதல் மாதம் கழுதைக்கு அது இல்லை. பாதி ஏறிய படகு திரும்பிச் சறுக்க, கைபிடி எதிர்ப்பக்கம் சுழன்று என் தாடையில் அடித்து, இரண்டு பல்லைக் கரையில் துப்பினேன். காயத்துக்கு உப்புத் தண்ணி கொதிக்க வைத்துக்கொண்டே அவள் சொன்னாள், ஆட்டுப் பட்டிக் கதவுக்குத் தானாக விழுகிற தாழ் போட்டிருக்கிறோமே, அதுமாதிரி ஒன்று போடுங்கோவன் என்று. அதைச் சொன்னது அவள்தான். நான் இவ்வளவு காலமும் என் மூளையில் வந்தது என்று சொல்லித் திரிந்தேன், பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தேன். நாக்கு இல்லாத கழுதை ஆளைக் கொல்லும். மின்குமிழ்க்காரரின் படத்தில் பின்னால் நின்றவர்களுக்காகக் கேள்வி கேட்ட எனக்கு, என் வீட்டுக் குசினிக்குள் நின்றவளுக்காகக் கேட்கத் தோன்றவில்லை.

நான் எழுதியிருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் தொடங்கினேன். அதுதான் இது. இதில் ஒருவர் பெயரையும் நான் எழுதவில்லை, பழைய பழக்கம் விடவில்லை. பெயர்கள் தனித் தாளில் இருக்கின்றன, அதைப் பொறுப்பான பிள்ளையின் கையில் மட்டும் கொடுப்பேன், கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டுத் துண்டும் வாங்குவேன்.

பலகை இப்படி இருக்க வேண்டும். ஒல்லாந்தர் என்ற சொல் வரக்கூடாது. பாரம்பரியம் என்ற சொல் வரக்கூடாது. உள்ளூர் என்று மழுப்பக்கூடாது. கழுதையைச் செய்தவர் என்று போட்டு, அடையாள அட்டையில் இருப்பதுபோல முழுதாக என் பெயர். அதற்குக் கீழே, அதன் நாக்கைக் கண்டுபிடித்தவர் என்று போட்டு என் மனைவியின் பெயர், அதே அளவு எழுத்தில். சுவாமி தண்ணீர் தெளிக்க முதல் நான் கண்ணாடி போட்டு இரண்டு வரியையும் வாசித்துப் பார்ப்பேன். இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் என் கதிரை வெறுமையாகத்தான் இருக்கும். எழுதுங்கள், இந்த முறை சரியாக எழுதுங்கள்.